ஆல இலையில் ஓர் ஆய்வறிக்கை

ஒரு காட்டில் புள்ளிமான்கள் வாழ்ந்தன. ஆண் மான்கள் நன்றாகவே வாழ்ந்தன. பெண் மான்கள் தலைசுற்றலோடு குட்டி போட்டன. குட்டிகள் நாலு நாள் நின்று பார்த்துவிட்டு, இந்தக் காடு நமக்குச் சரிப்படாது என்று போய்ச் சேர்ந்தன.

செவ்வந்தி என்ற மான் இப்படி இரண்டு குட்டிகளைப் பறிகொடுத்தவள். மூன்றாவது வயிற்றில் இருந்தது. இதுவாவது தங்க வேண்டும் என்று அவள் கும்பிடாத மரமில்லை.

காரணம் கண்டறியச் சிங்கராஜா ஓர் ஆய்வுக் குழுவை அனுப்பினார். தலைவர் டாக்டர் கொக்கு. ஒற்றைக் காலில் நின்றே பட்டம் வாங்கியவர். தாய்சேய் நல ஆய்வு என்பதால் குழுவில் பெண் ஒருத்திகூட இல்லை. இருந்தால் பாரபட்சம் வந்துவிடுமாம்.

ஒவ்வொரு தாய்க்கும் இருநூற்றுப் பன்னிரண்டு கேள்விகள், பச்சை ஆல இலைகளில் எழுதப்பட்டிருந்தன. முதல் இலை ஒப்புதல் படிவம். "அவளுக்கு என்ன தெரியும், நான் வைக்கிறேன்" என்று செவ்வந்தியின் புருஷன் கொம்பையன் தன் குளம்பைப் பதித்துவிட்டுப் போனான்.

"உன் மாமியாருக்கு எத்தனை புள்ளி? கர்ப்பத்தில் மயிலைப் பார்த்துப் பயந்தாயா? எந்தப் பக்கம் படுப்பாய்?"

நூறாவது கேள்வியில் செவ்வந்திக்குப் பொறுமை போய்விட்டது.

"டாக்டரய்யா, நான் ஒண்ணு சொல்லட்டுமா? மேய்ச்சலுக்குப் போனா முதல்ல ஆம்பளைங்க மேய்வாங்க. அவங்க ஏப்பம் விட்டப்புறம்தான் நாங்க வாய் வைக்கணும். வெறும் காம்புதான் மிஞ்சும். அதைத் தின்னா எங்கேருந்து பால் சுரக்கும்?"

கொக்கு இலைகளைப் புரட்டினார். "அதுக்குக் கட்டம் இல்லையேம்மா."

"கடைசியில 'மற்றவை'ன்னு ஒண்ணு இருக்கே?"

"அதுல உங்க வீட்டுக்காரர் 'ஒரு குறையும் இல்லை'ன்னு எழுதச் சொல்லிட்டார். இன்னொண்ணு, ஆய்வு முடியிற வரைக்கும் சாப்பாட்டுப் பழக்கத்தை மாத்தக் கூடாது. என் புள்ளிவிவரம் போயிடும்."

"புள்ளிவிவரம் போனா வேற எடுத்துக்கலாம். என் புள்ளை போனா?"

கொக்கு அதற்கும் கட்டம் தேடினார்.

மறுநாள் விடிந்ததும் செவ்வந்தி முதல் ஆளாகப் போய் மேய்ந்தாள். கொம்பையன் கொட்டாவி விட்டுக்கொண்டே வந்து திடுக்கிட்டான்.

"ஏய், நான் இன்னும் சாப்பிடலை!"

"தெரியும். அதான் நான் சாப்பிடுறேன்."

கொம்பையன் மிஞ்சிய காம்பை மென்றான். தினமும் இதே கதைதான்.

குட்டி பிறந்தது. பத்தாம் நாளே அப்பனை எட்டி உதைத்தது. செவ்வந்தி சந்தோஷத்தில் அழுதேவிட்டாள். டாக்டர் கொக்கு மட்டும் முகம் சுளித்து, அவள் பெயரை அடித்து, பக்கத்தில் எழுதினார்: "விதிமீறல். நீக்கப்பட்டார்."

அறிக்கை வெளியீட்டு விழா நடந்தது. மேடையில் இலைகள் மலையாகக் குவிந்திருந்தன. கொக்கு தொண்டையைச் செருமினார்.

"ஆய்வில் எஞ்சிய நாற்பது தாய்மார்களின் குட்டிகளும் நலிந்தே பிறந்தன. ஆகவே சேய் நலத்துக்கு முதன்மையான ஆபத்து, தாய். பரிந்துரை: மனைவியின் நோயால் மனமுடைந்த கணவர்களுக்குக் கூடுதல் பசும்புல்."

ஆண் மான்கள் குளம்பு தேயத் தட்டின. கொம்பையன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"அப்போ என் குட்டி?" என்றாள் செவ்வந்தி.

"நீ ஆய்விலேயே இல்லையேம்மா. உன் குட்டி பிழைச்சது செல்லாது."

செல்லாத குட்டி ஒரே தாவலில் மேடையேறி, முன்னுரையை முகர்ந்து பார்த்துத் தின்றது. "ஐயோ, என் இத்தனை மாச உழைப்பு!" என்று கொக்கு இறக்கையை அடித்தார். செவ்வந்தி முடிவுரையில் வாய் வைத்தாள். நாற்பது தாய்மார்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு மேடைக்குப் பாய்ந்தார்கள். ஆண்கள் சுதாரித்து எழுவதற்குள் அட்டவணைகூட மிஞ்சவில்லை.

அன்று சாயங்காலம் காடு முழுக்கக் குட்டிகள் வயிறாரப் பால் குடித்தன.

"மறு ஆய்வு நடத்தியே தீருவேன்!" என்று கொக்கு கத்தினார்.

"நடத்துங்க டாக்டரய்யா," என்றாள் செவ்வந்தி, வாயைத் துடைத்துக்கொண்டு. "இந்த வாட்டி ஆயிரம் கேள்வியா கேளுங்க."

நீதி: தாய்சேய் நல ஆய்வுகள் நிச்சயம் பயன் தரும், பச்சை இலையில் எழுதினால்.