கழுகின் மேல் உட்கார்ந்தவர்

கழுகின் மேல் யாரோ உட்கார்ந்துவிட்டிருந்தார்கள்.

பல் டாக்டர் கையுறையைக்கூடக் கழற்றாமல் கிளினிக்கின் பின்னறை வாசலிலேயே நின்றுவிட்டார். மூன்று மாதம், ஞாயிறு ஞாயிறாகக் குனிந்து, பல் சுரண்டும் கம்பியாலேயே ஒவ்வோர் இறகாகத் தோலில் செதுக்கிய கழுகு அது. மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு இறகு. காலைவரை சிறகை விரித்துக்கொண்டு யார் கண்ணைக் கொத்தலாம் என்று பார்த்துக்கொண்டிருந்த பறவை, இப்போது இஸ்திரி போட்ட வாத்து மாதிரி கிடந்தது. நடுவில் இரண்டு பள்ளம், பக்கத்தில் பக்கத்தில், வட்டமாக. அது எந்த உறுப்பின் அச்சு என்று கண்டுபிடிக்க மருத்துவம் படித்திருக்க வேண்டியதில்லை.

தப்பு அவருடையதுதான், சந்தேகமே இல்லை. மோட்டார் சைக்கிள் சீட்டுக்குத் தோல் போர்த்துகிற யாரைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள்: தோல் ஈரமாக இருக்கும்போது கிட்டே யாரையும் விடாதே. அந்த நேரத்தில் நகம் பட்டால்கூட, காய்ந்த பிறகு நகக்குறி அப்படியே நிற்கும். இதெல்லாம் தெரிந்த மனிதர், செவ்வாய்க்கிழமை காலை செதுக்கின தோலை நனைத்து, தகடும் ஸ்பாஞ்சும் வைத்த சீட்டின் மேல் இழுத்துப் பூட்டி, காயட்டும் என்று முக்காலியில் வைத்துவிட்டு, பின்கதவையும் சாத்தாமல், ஒரு கடைவாய்ப் பல்லுக்கு வேர் சிகிச்சை செய்ய முன்னறைக்குப் போய்விட்டார். ஒன்றரை மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தால் இந்தக் கோலம்.

வேறு யாருடைய சீட்டாக இருந்தாலும் தலையில் அடித்துக்கொண்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பார். இது சம்பந்தியின் சீட்டு. அவரைச் சம்பந்தி என்று இன்னும் சொல்லக்கூடாது. பிரச்சினையே அதுதான்.

டாக்டரின் மகள் நாலு வருஷமாக ஒரு பையனை விரும்புகிறாள். பையன் தங்கமான பையன். அவனுடைய அப்பா சரக்குக் கப்பலில் கேப்டனாக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாளில் ஒரு தப்புகூடச் செய்யாதவர். இதை அவரே எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார். அப்படிப்பட்டவரை முதல்முதலாகச் சந்தித்த அன்று, இரண்டு வீட்டு உறவும் கூடியிருந்த சபையில், நம் டாக்டர் தொழில் புத்தியை அடக்க முடியாமல், "முன்பல் ரெண்டும் கட்டினதுதானே? பிரமாதமான வேலை. கண்டே பிடிக்க முடியல" என்று மனம் திறந்து பாராட்டிவிட்டார். அந்தப் பல் விஷயம் அதுவரை கேப்டனின் மனைவிக்கே தெரியாது. அதோடு பேச்சுவார்த்தை எட்டு மாதம் நின்றுபோயிற்று.

கடைசியில் மகளும் பையனும் சேர்ந்து ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கேப்டனிடம் பார்த்துப் பார்த்து மாற்றிக் கட்டிய பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று இருந்தது. டாக்டருக்குத் தோல் வேலைப் பைத்தியம். போதாதா? செதுக்கு வேலை செய்த புது சீட் என்றதும் கேப்டன் கொஞ்சம் இறங்கி வந்தார். வேலை முடியும் தறுவாயில், "வர்ற ஞாயித்துக்கிழமை வந்து சீட்டைப் பாக்கறேன். அப்புறம் கல்யாணத் தேதி பேசலாம்" என்று சொல்லி அனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் ஐந்தே நாள்.

கிளினிக்குக்கு மேலேதான் வீடு. இரண்டு இரண்டு படியாகத் தாவி மாடிக்குப் போனார்.

"நீ கீழ வந்தியா? பின்னறையில கொஞ்சம் உக்காந்தியா?"

மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். விஷயத்தை முழுக்கக் கேட்டுவிட்டுக் கீழே வந்து, சீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்தாள்.

"இருபத்தேழு வருஷம் குடும்பம் நடத்தியாச்சு. இது என்னோடதா இல்லையான்னு பாத்தா உங்களுக்கே தெரியலையா?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொன்னாலும் வம்பு, சொல்லாவிட்டாலும் வம்பு. டாக்டர் நர்ஸ் பக்கம் திரும்பினார்.

"என்னைப் பாக்காதீங்க சார். ஒன்றரை மணி நேரமா உங்க பக்கத்துல நின்னு எச்சில் உறிஞ்சற குழாயைப் பிடிச்சுட்டிருந்தது யாரு?"

யார் என்று தெரியாமல் டாக்டருக்கு இருப்புக் கொள்ளவில்லை. பல் அச்சு எடுக்கிற வெள்ளைப் பசையை ஒரு வாளி கரைத்து, இரண்டு பள்ளத்திலும் ஊற்றினார். இறுகியதும் பெயர்த்து எடுத்தார். அருமையான அச்சு. தொழிலில் அவரை யாரும் குறை சொல்ல முடியாது. இடப்பக்கம் வலப்பக்கத்தைவிட ஒரு விரல்கடை அதிகமாகப் புடைத்திருந்தது.

"ஆள் இடது பக்கம் சாஞ்சு உக்காருறவர்" என்றார்.

"ரொம்ப சந்தோஷம்" என்றாள் மனைவி. "கழுகைப் பாத்தீங்களா?"

பசை தோலில் ஊறி, கழுகுக்குத் தலைமுதல் வால்வரை நரைத்துப் போயிருந்தது.

அச்சைத் தூக்கிப்போட மனம் வராமல், பல் செட்டுகள் வரிசையாக இருக்கும் அலமாரியில் வைத்தார். சாயங்காலம் வந்த ஒரு பெரியவர் அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "டாக்டர், அது எந்தப் பல்லு?" என்று கேட்டார்.

"கடைவாய்" என்றார் டாக்டர்.

பெரியவர் அதன் பிறகு வாயைத் திறக்க மாட்டேன் என்று எழுந்து போய்விட்டார்.

அன்று இருட்டுவதற்குள் சம்பந்தியிடமிருந்து போன் வந்தது.

"சீட்டைப் பாத்தீங்களா?"

"பாத்தேனே" என்றார் டாக்டர்.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு."

"நல்லாவா இருக்கு? நல்லாப் பாத்தீங்களா?"

"நல்லாப் பாத்தேன். ரொம்ப நல்லா இருக்கு."

மறுமுனையில் போன் வைக்கப்பட்டது. மனிதருக்கு எப்படியோ மூக்கில் வியர்த்துவிட்டது என்று டாக்டருக்குப் புரிந்தது.

புதன்கிழமை தோலை மறுபடி நனைத்து, ஓரத்தை அவிழ்த்து, பள்ளம் மேலே எழும்பட்டும் என்று கிளினிக்கிலிருந்த பஞ்சையெல்லாம் உள்ளே திணித்தார். பள்ளம் எழும்பவில்லை. அதைச் சுற்றியிருந்த இடமெல்லாம் எழும்பியது. கல்லூரியிலிருந்து வந்த மகள் எட்டிப் பார்த்தாள்.

"அப்பா, இதுக்கு இது எத்தனாவது மாசம்?"

"கேலி பண்ணாதே. உனக்காகத்தான் உயிரை விட்டுட்டிருக்கேன்."

"தெரியும்பா" என்றாள். சிரித்த முகம் சட்டென்று சுருங்கிப் போயிற்று. "ஞாயித்துக்கிழமை அவர் வேண்டாம்னு சொல்லிட்டா, இனிமே அவரைச் சமாதானப்படுத்த எங்ககிட்ட வேற வழியே இல்லப்பா."

டாக்டர் சீட்டின் ஓரத்தை மறுபடி அவிழ்த்தார். பஞ்சை எல்லாம் பிடுங்கி எறிந்தார்.

வியாழக்கிழமை அவருக்கு ஒரு யோசனை உதித்தது. அவருடைய யோசனைகள் எல்லாமே உதிக்கிறபோது அழகாகத்தான் இருக்கும். பள்ளத்தை எடுக்கத்தானே முடியாது? சமமாக்கலாமே. இரண்டு பக்கமும் ஒரே ஆழமாக இருந்தால், உட்காருகிறவர் வசதிக்காக வேண்டுமென்றே குடைந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். அதற்கு வேண்டியது, வலது பக்கம் சாய்ந்து உட்காருகிற, நல்ல கனமான ஓர் ஆள்.

அன்று முழுக்க நோயாளிகள் காத்திருக்கிற கூடத்தில் டாக்டர் யார் வாயையும் பார்க்கவில்லை. மத்தியானம் ஒருவர் வந்தார். பூட்டுக் கடைக்காரர். வலது கன்னம் வீங்கி, வலது கையால் அதைத் தாங்கி, வலது பக்கமே சரிந்து உட்கார்ந்தார். நாற்காலி முனகியது. டாக்டருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"வாங்க, வாங்க. முதல்ல பின்னறையில ஒரு பரிசோதனை இருக்கு."

பூட்டுக் கடைக்காரர் முக்காலியைப் பார்த்தார். "இது வண்டி சீட் மாதிரி இருக்கே டாக்டர்."

"அதேதான். ஏறி உக்காருங்க."

"ஈரமா இருக்கு."

"குளிர்ச்சிக்காக."

"வலி பல்லுலதான் டாக்டர்."

"எல்லா நரம்பும் கடைசியில அங்கதான் வந்து சேருது. வாயால மூச்சு விடுங்க. இன்னும் கொஞ்சம் வலது பக்கம். அப்படித்தான். அசையாதீங்க, இருபது நிமிஷம்."

பாவம், மனிதர் அசையவே இல்லை. இருபது நிமிஷம் கழித்து எழுந்து, "இப்பப் பரவாயில்ல டாக்டர், வலி கொஞ்சம் விட்டிருக்கு" என்று வேறு சொன்னார். பின்பக்கம் ஈரம் சொட்டச் சொட்ட அவர் கூடத்தைக் கடந்து போனதைப் பார்த்து, காத்திருந்த இரண்டு பேர் சத்தமில்லாமல் கிளம்பிவிட்டார்கள்.

டாக்டர் ஆவலோடு சீட்டைப் பார்த்தார். இரண்டு பள்ளமும் அளந்து வைத்தாற்போல ஒரே ஆழம். ஆனால் வலது பள்ளத்தின் நடுவில், தெள்ளத் தெளிவாக, ஒரு வளையமும் ஒன்பது சாவியும் பதிந்திருந்தன. பூட்டுக் கடைக்காரர் பின் பாக்கெட்டில் வேறு என்ன வைத்திருப்பார்?

வெள்ளியும் சனியும் கிளினிக் கதவில் 'டாக்டர் வெளியூர்' என்று எழுதி ஒட்டிவிட்டு, சாவிகளின் மேலேயே செதுக்கிச் செதுக்கி அவற்றைக் கழுகின் நகங்களாக மாற்றப் பார்த்தார். நரையை மறைக்கக் கறுப்புச் சாயம் அடித்தார். முடித்துவிட்டு மனைவியைக் கூப்பிட்டார்.

"உண்மையைச் சொல்லு. என்ன தெரியுது?"

அவள் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். "ஒரு காக்கா. குண்டுக் காக்கா. வீட்டைப் பூட்டிட்டுச் சாவியை எடுத்துக்கிட்டு எங்கயோ கிளம்புது."

சம்பந்தி அதற்குள் இன்னும் இரண்டு தடவை போன் செய்துவிட்டார். சீட் காய்ந்ததா என்று கேட்டார். பின்னறைக்கு வேறு யாராவது வந்துபோவதுண்டா என்று கேட்டார். போலீஸ்காரர் மாதிரி துருவுகிறாரே என்று டாக்டர் ஒவ்வொரு தடவையும் வியர்த்து வழிந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மோட்டார் சைக்கிள் சத்தம் தெருவை அதிர வைத்தது. சம்பந்தி இறங்கினார். பின்னால் ஒரு ஆட்டோவில் சம்பந்தியம்மா வந்து இறங்கினாள். அந்த வண்டியில் இருந்தது ஒற்றை ஆள் சீட். அதைப் பற்றி அவளுக்கு இருபது வருஷமாக மனக்குறை.

எல்லோரும் பின்னறையில் கூடினார்கள். மகள் சுவரோடு சுவராக நின்றாள். டாக்டர் சீட்டின் மேல் போர்த்தியிருந்த துணியை விலக்கினார்.

சம்பந்தி குனிந்து பார்த்தார். அவர் முகம் வெளுத்தது. மெல்ல ஒரு விரலால் இடது பள்ளத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"இது... எப்படி?"

யாரோ உட்கார்ந்துவிட்டார்கள் என்று சொன்னால் வீட்டையே ஒழுங்காக வைத்துக்கொள்ளத் தெரியாதவர் என்று ஆகிவிடும். பழி யார் மேலாவது விழும். மகளை ஒரு தடவை பார்த்தார் டாக்டர். வருவது வரட்டும் என்று முடிவு செய்துவிட்டார்.

"நான்தான் சம்பந்தி. செவ்வாய்க்கிழமை, ஈரமா இருக்கிறப்போ, அசந்து மறந்து நானே அது மேல உக்காந்துட்டேன். என் தப்புதான். என்னை மன்னிச்சுடுங்க. என் பொண்ணு மேல கோபப்படாதீங்க."

சம்பந்தி நிமிர்ந்தார்.

"நீங்களா?"

"நானேதான்."

"நிச்சயமா நீங்கதானா?"

"சத்தியமா நான்தான்."

சம்பந்தியின் முகத்தில் ரத்தம் திரும்பி வந்தது. நெஞ்சு விரிந்தது. டாக்டரின் தோளில் கை போட்டார். இத்தனை பெருந்தன்மையை அவரிடம் யாரும் எதிர்பார்க்கவில்லை, சம்பந்தியம்மாவே வாயைப் பிளந்துகொண்டு நின்றாள்.

"தப்பு செய்யறது பெரிசில்ல சம்பந்தி. நாலு பேர் முன்னால ஒத்துக்கறீங்க பாருங்க, அதுக்குத்தான் மனசு வேணும். எனக்கு அந்த மாதிரி சந்தர்ப்பமே வந்ததில்ல. ஆனா ஒண்ணு. இனிமேலாவது உக்காருறதுக்கு முன்னால இது ஈரமா, காஞ்சிருக்கான்னு கையை வெச்சுப் பாருங்க. பொறுப்பான மனுஷன் அதைத்தான் பண்ணுவான்."

"சரிங்க சம்பந்தி" என்றார் டாக்டர், கைகட்டி.

"அடுத்த மாசமே கல்யாணத்தை வெச்சுடலாம். எனக்குச் சம்மதம்."

மகள் ஓடி வந்து அப்பாவைக் கட்டிக்கொண்டு அழுதே விட்டாள். மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சம்பந்தி கம்பீரமாகச் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். லேசாக இடது பக்கம் சாய்ந்து, அசைந்து கொடுத்து, கண்ணை மூடினார்.

"ஆகா. அளவெடுத்துச் செஞ்ச மாதிரி இருக்கு."

இத்தனை நேரம் அவரையும் சீட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்த சம்பந்தியம்மா, இப்போது மெல்லக் கேட்டாள்:

"ஏங்க, செவ்வாய்க்கிழமை பல் டாக்டரைப் பாத்துட்டு வரேன்னு போயிட்டு, பின்பக்கம் மட்டும் தொப்பலா நனஞ்சு வந்து, வழியில மழைன்னு சொன்னீங்களே, அந்த மழை இங்கதான் பெஞ்சுதா?"