போயிட்டு வரேன்

மேகங்கள் வீட்டு வாசல்வரை இறங்கிவந்து காலை நீட்டிப் படுத்துக்கொள்ளும் நாடு ஒன்று இருந்தது. இன்முகநாடு என்று பெயர். அங்கே தேர்தலும் இன்முகமாகவே நடக்கும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை அரசர் வீட்டுக்கு வீடு வந்து, கைகூப்பி, "போயிட்டு வரேன்" என்பார். வீட்டார் "வாங்க" என்றால் அது ஓட்டு. விடைபெறுகிறவரிடம் வேறு என்னதான் சொல்வது? இருநூறு வருஷமாக அந்த வம்சத்துக்கு எல்லாரும் "வாங்க" என்றே சொல்லிவந்தார்கள்.

கோட்டைச் சுவரில் பழைய சட்டம் ஒன்று செதுக்கியிருந்தது. யாரைக் கைது செய்தாலும் காரணம் சொல்ல வேண்டும், வீட்டாருக்குத் தெரிவிக்க வேண்டும், வக்கீலைப் பார்க்க விட வேண்டும், இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும். தையல்நாயகிக்கு அது மனப்பாடம். அதனால்தான், குழாயில் ஏன் தண்ணீர் வரவில்லை என்று தெருவில் நின்று கேட்ட அவள் கணவன் வேதரத்தினத்தை, "சும்மா ஒரு வார்த்தை பேசிட்டு அனுப்பிடுறோம்" என்று காவலர்கள் அழைத்துப்போனபோது அவள் பதறவில்லை. ஒரு நாள்தானே என்று இருந்தாள்.

மறுநாளும் அவன் வரவில்லை. காவல் நிலையத்தில் 'விருந்தினர் மாளிகை' என்று புதுப் பலகை தொங்கியது. உள்ளே சாம்பிராணிப் புகை; போனவர்களுக்குக் கண் சொருகியது. அதிகாரி அவளுக்கு நாற்காலி போட்டார். கெடு முடிந்துவிட்டது, நீதிபதியிடம் கொண்டுபோங்கள் என்று அவள் கேட்டாள்.

"அந்தச் சட்டம் கைதிகளுக்குத்தாம்மா. கைதுங்கற வார்த்தையையே மகாராஜா போன வாரம் நீக்கிட்டாங்க. உங்க வீட்டுக்காரர் விருந்தாளி. அழைச்ச மகாராஜா அரண்மனையில இருக்கிறவரைக்கும் இந்த விருந்து உண்டு."

நீதிபதி நல்லவர். கைதி என்றால் கொண்டுவரச் சொல்வேன், அடுத்தவர் வீட்டு விருந்தாளியை நான் எப்படியம்மா கூப்பிடுவது என்று கண்கலங்கி அனுப்பிவிட்டார்.

விருந்தாளி என்றால் வீட்டுக்குப் போகலாம்தானே என்று தையல்நாயகி மாளிகைக்குத் திரும்பிவந்து மடக்கினாள். தாராளமாக என்றார் அதிகாரி. கதவும் திறந்தது. பாவி மனுஷன், நம் எல்லாரையும் போல, வாசலில் நின்று "போயிட்டு வரேங்க" என்று சொல்லித் தொலைத்தான். எழுத்தர் அதைப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். வருவதாக எழுதிக்கொடுத்தவரை அழைத்துப்போக, மறுநாள் விடிந்ததும் காவலர்கள் வந்து நின்றார்கள். அப்புறம் தினமும் அதே கதைதான். மாலையில் திரும்புகிற வேதரத்தினம் பாதித் தூக்கத்திலேயே சாப்பிட்டான், பேசினால் தண்ணீருக்கடியில் கேட்பவன்போல் விழித்தான்.

"போறேன்னு சொல்லிட்டு வாங்க" என்று அவள் சொல்லிக்கொடுத்தாள்.

"நல்லா இருக்கற மனுஷன் அப்படிச் சொல்லுவானாடி?"

ஆனாலும் ஒரு நாள் சொன்னான். போறேன் என்கிறவர் உயிரை மாய்த்துக்கொள்ளக்கூடும், அவரைத் தனியே விடலாகாது என்று அன்றே ஆணை பிறந்தது. அதன்பிறகு மாலையிலும் அவன் வரவில்லை.

அவள் விருந்தினர் மாளிகைக்கு ஓடினாள். மாளிகை வாசலில் விழுந்து கும்பிட்டாள்.

"ஐயா, புண்ணியமாப் போகும். அவரைக் கைது பண்ணிடுங்கய்யா."

நீக்கப்பட்ட சொல் என்பதால் அதிகாரி காதைப் பொத்திக்கொண்டார்.

மேகங்கள் வந்தன, போயின. ஐந்தாம் ஆண்டும் வந்தது. அரசர் புன்னகையோடு அவள் தெருவுக்கு வந்தார். பின்னால் வந்த எழுத்தர், நேரம் மிச்சமாகட்டும் என்று பதிவேட்டில் எல்லா வீட்டுக்கும் நேரே 'வாங்க' என்று முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார். விருந்து எதுவரை என்று அதிகாரி சொன்னதைத் தையல்நாயகி மறக்கவில்லை.

"போயிட்டு வரேம்மா" என்று அரசர் கைகூப்பினார்.

அவளும் கைகூப்பினாள். வளர்ந்த விதம் அப்படி, 'வாங்க' என்றே நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கிவிட்டு, மரியாதையாகவே சொன்னாள்.

"போங்க."

காதில் விழாதவர்போல் அரசர் அடுத்த வீட்டுக்கு நகர்ந்தார். அங்கே இன்னொரு விருந்தாளியின் தாய் நின்றிருந்தாள். அவளும் "போங்க" என்றாள். அதற்கடுத்த வீட்டிலும் அதே சொல். எழுத்தர் நடுத்தெருவில் நின்று, எழுதி வைத்திருந்த 'வாங்க'வை ஒவ்வொன்றாக அடிக்க ஆரம்பித்தார்.