சுவராரின் வியர்வை

என் மாமியாரின் மூக்குக் கண்ணாடி மேல் நான் உட்கார்ந்துவிட்டேன். வேண்டுமென்றே அல்ல. ரயிலில் ஜன்னலோரம் காலியாக இருந்தது, உட்கார்ந்தேன், கறுக்கென்றது. கடைத் தராசும் எடைக்கல்லும் சரியா என்று சோதித்து முத்திரை குத்துவது என் உத்தியோகம். ஊரார் எடையையெல்லாம் பார்க்கிறவன், என் எடை எங்கே இறங்குகிறது என்று மட்டும் பார்க்கவில்லை.

"பரவாயில்ல மாப்பிள்ளை," என்றார் அத்தை, உடைந்த துண்டுகளை மடியில் வைத்துத் தடவியபடி. "நீங்க பார்த்துச் சொன்னாப் போதும். நான் பார்த்த மாதிரிதான்."

பழைய ராஜாக்களின் நகரத்தைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பிய குடும்பம், போகிற வழியிலேயே ஒருத்தரின் பார்வையை நொறுக்கிவிட்டது. என் மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். அவள் தையல்காரி. உதட்டில் குண்டூசியைக் கவ்விக்கொண்டே வேலை செய்து பழகியவள், பேசாமலே குத்துவாள்.

உண்மையைச் சொன்னால், அந்தக் கண்ணாடியாலும் பெரிய பிரயோஜனம் இல்லை. அத்தைக்கு இரண்டு கண்ணிலும் புரை. தள்ளிப்போட்டால் சிக்கலாகிவிடும், சீக்கிரம் ஆபரேஷன் பண்ணிக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அத்தை சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

"ஆபரேஷன் பண்ணிக்கிறீங்களா அத்தை?" என்று கேட்டால், "மழை வர்ற மாதிரி இருக்கு, மொட்டை மாடியில துணி கிடக்கு பாருங்க," என்பார். நான் மாடிக்கு ஓடுவேன். மேலே வெயில் பல்லைக் காட்டும். பாராளுமன்றத்தில்கூட இதைவிடத் தெளிவாகப் பதில் சொல்வார்கள்.

நடுவில் புகுந்தவன் என் மச்சினன். எந்தக் கூட்டத்தைக் கண்டாலும் முதலில் வரிசையில் நின்றுவிட்டு, அப்புறம் "எதுக்குங்க இந்த வரிசை?" என்று கேட்கிற சுபாவம்.

"நாம சுத்திப் பார்க்கப் போற ஊர்ல ஒரு சுவர் இருக்கு மாமா. நம்ம குறையைக் கேட்டுப் பதில் சொல்லுது."

"நம்ம வீட்லயும் சுவர் இருக்கேடா. சுண்ணாம்புதான் உதிருது."

"இது ராஜா கட்டின சுவர். கண்ணுக்கு மருந்துகூடக் குடுக்குதாம். ரெண்டு சொட்டு விட்டா புரை கரைஞ்சிடுதாம்."

அதுவரை ஊர் சுற்ற வரமாட்டேன் என்றிருந்த அத்தை, அன்றைக்கே பெட்டியை எடுத்து வைத்துவிட்டார். கத்தியில்லாமல் கரைகிறதென்று யாராவது சொன்னால், பயந்திருப்பவர் அதைத்தானே பிடித்துக்கொள்வார்?

நகரம் பிரமாதமாக இருந்தது. யாரும் அதைப் பார்க்கவில்லை. அரண்மனையில் புறாக்கள் மட்டும் குடியிருந்தன. கோட்டை மேல் காவலாளி கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். வண்டிக்காரரிடம் அரண்மனைக்குப் போகச் சொன்னதும் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். "அங்க போய் என்ன பண்ணப் போறீங்க? அது பேசாது."

அவர் இறக்கிவிட்ட இடம் வட்ட மண்டபம். மேலே பெரிய குவிமாடம், உள்ளே வளைந்த சுவர், வெளியே ஊரே திரண்ட கூட்டம். வாசலில் கடைகள். சுவர் படம் போட்ட பனியன், சுவர் பொம்மை, சுவரிலிருந்து உதிர்ந்ததாகச் சொல்லப்பட்ட செங்கல் துண்டு. செங்கல் மூட்டை ஒன்று அப்போதுதான் லாரியிலிருந்து உதிர்ந்துகொண்டிருந்தது.

குடை பிடித்த ஒருவர் எங்களுக்கு முன்னால் நின்றார். வெயிலும் இல்லை மழையும் இல்லை, ஆனாலும் குடை.

"எங்க தெருவுல ஒருத்தர், காணாமப்போன மருமகன் வரணும்னு சுவர்கிட்ட சொன்னாருங்க. மறுநாளே வந்துட்டான்."

"நல்லதுதானே?"

"இப்ப அவன் போகணும்னு சொல்ல வந்திருக்காரு. பின்னாடிதான் நிக்கிறாரு."

ஏற்பாடு இதுதான். மண்டபத்தின் இந்தக் கோடியில் ஆள் நிற்கிற அளவுக்கு ஒரு மாடம். ஒவ்வொருவராக அதற்குள் போய், சுவரோரம் வாயை வைத்து, குறையைக் கிசுகிசுவென்று சொல்ல வேண்டும். சத்தமாகச் சொன்னால் ராஜாவுக்குக் கோபம் வருமாம். பிறகு மண்டபத்தைக் கடந்து அந்தக் கோடிக்குப் போனால் ஒரு கறுப்புத் திரை. அதற்குப் பின்னால், எல்லோரும் 'சுவரார்' என்று அழைக்கிற ஒருவர். ராஜாவின் குரல் அவர் வழியாக வரும். சொன்ன குறையை ஒரு எழுத்துப் பிசகாமல் திருப்பிச் சொல்வார். கேட்டவர்கள் அப்படியே தரையில் விழுந்துவிடுவார்கள். அந்த ராஜா உயிரோடிருந்தபோது குடிகளின் குறையைக் கேட்டாரோ என்னவோ, செத்தபிறகு சம்பளமில்லாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

எல்லாக் குறைக்கும் ஒரே மருந்து, சுவரின் வியர்வை. நம் கஷ்டத்தைக் கேட்டு ராஜா உருகுகிறார், அதனால் சுவர் வியர்க்கிறது, அதைப் புட்டியில் பிடித்து விற்கிறார்கள். மூட்டுவலிக்குத் தேய்க்கலாம், பரீட்சைக்குக் குடிக்கலாம், கண்ணுக்கு விடலாம். மண்டபத்தின் தலைமேல் ஒரு தண்ணீர்த் தொட்டி விரிசல் விட்டு, பாசி பிடித்து அந்தச் சுவர் வழியே ஒழுகிக்கொண்டிருந்தது. நிமிர்ந்தால் தெரியும். ஆனால் எல்லோரும் பயபக்தியோடு குனிந்திருந்தார்கள்.

வரிசையை ஒழுங்கு செய்கிறவர் மணியோடு நின்றார். அடுத்த ஆள் மாடத்துக்குள் போனதும் ஒரு தட்டு தட்டுவார். என் மனைவி அவரிடம் போனாள்.

"ராஜாவுக்கு நம்ம மனசுல இருக்கிறது தெரியுமா?"

"எல்லாம் தெரியும்மா."

"அப்ப எதுக்கு வாயால சொல்லணும்?"

"அது ஒரு மரியாதை."

அவள் திரும்பி வந்து என் காதில் சொன்னாள். "நீங்க முதல்ல போங்க. நம்மகிட்ட இல்லாத ஒண்ணைச் சொல்லுங்க."

"இல்லாததுன்னா எதை?"

"நம்மகிட்ட என்ன இருக்கு? எதை வேணாலும் சொல்லலாம்."

மாடத்துக்குள் போனேன். மணி அடித்தது. சமயத்தில் எனக்குப் பொய் வராது, வந்தால் அளவில்லாமல் வரும். சுவரில் வாயை வைத்து, "எங்க வீட்டு யானைக்குக் கொஞ்ச நாளா வயித்தால போகுது," என்றேன்.

திரைக்கு முன்னால் போய் நின்றேன். உள்ளே ஏதோ கிறீச்சிட்டது. ஒரு இருமல். பிறகு குரல்.

"குடிமகனே... உன் இல்லத்தில் ஒரு பெரிய ஜீவன்."

"ஆமாங்க."

"தும்பிக்கை உள்ள ஜீவன். அது நிலைகொள்ளாமல்... அடிக்கடி..."

"ரொம்ப அடிக்கடிங்க."

"வியர்வை, ஒரு வாளி. தினமும் கொடு."

கூட்டம் மூச்சை இழுத்தது. நான் திரும்பி, வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பொதுக்கூட்டத்தில் பேசினேன். "எல்லாரும் கேளுங்க. எங்கிட்ட யானையே கிடையாது. நான் இருக்கிறது வாடகை வீடு, அதுவும் இரண்டாவது மாடி. நான் பொய் சொன்னேன், சுவரார் அதை அப்படியே திருப்பிச் சொல்லிட்டார். இவருக்கு ஒண்ணும் தெரியாது, நாம சொல்றது காதுல விழுது, அவ்வளவுதான்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பகுத்தறிவு வென்றுவிட்டது என்று நினைத்தேன். குடைக்காரர் தலையை ஆட்டினார்.

"யானை இருக்குன்னு யாராவது வெளியில ஒத்துக்குவாங்களா? கண்ணு பட்டுடாது?"

"இவ்வளவு வசதி இருந்தும் எவ்வளவு அடக்கம் பாருங்க," என்றாள் ஒரு அம்மாள்.

"சார், உங்க யானை மரம் இழுக்குமா? வாடகைக்கு விடுவீங்களா?"

என்னைச் சுற்றி இன்னொரு வரிசை உருவாகிவிட்டது. அதன் முதல் ஆள் என் மச்சினன். முகம் வாடியிருந்தது. "எங்ககிட்டகூட சொல்லலையே மாமா."

இந்த அமளியில் வரிசைக்காரரும் மணியை விட்டுவிட்டு யானைக்காரனைப் பார்க்க வந்துவிட்டார். அப்போது அத்தை, "என் முறை," என்று சொல்லிவிட்டு, சுவரைத் தடவிக்கொண்டே மாடத்துக்குள் போய்விட்டார். மனைவி தடுக்கப் பார்த்தாள். "விடும்மா. ஒரு தடவை கேட்டுக்கிறேன்."

வெகுநேரம் உள்ளே இருந்தார். நான் மாடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு சொட்டு பாசித் தண்ணீர், இருக்கிற கொஞ்சநஞ்சப் பார்வையும் போய்விடும். யானை இல்லை என்பதையே நம்ப வைக்கத் தெரியாதவன், அவரை எப்படித் தடுப்பேன்?

அத்தை வெளியே வந்தார். முகத்தில் ஒரு மாதிரியான ஆச்சரியம். நான் கையைப் பிடித்துத் திரைக்கு முன்னால் நிறுத்தினேன். வரிசைக்காரர் "உஷ்" என்றார். மண்டபம் அடங்கியது.

திரைக்குப் பின்னால் தயக்கம். "குடிமகளே... உன் மனதில் ஒரு குறை..."

"நான் ஒண்ணும் சொல்லலைங்களே," என்றார் அத்தை. "வாய் வரல. சும்மாதான் நின்னேன். நீங்கதான் பேசினீங்க."

அத்தை விரலை மடக்கி எண்ணத் தொடங்கினார்.

"'டாக்டர், வலிக்குமா?'ன்னு கேட்டீங்க. 'கண்ணுல ஊசி போடுவீங்களா'ன்னு கேட்டீங்க. 'மரத்துப்போக மருந்துதான் விடுவீங்களா, அப்பாடா'ன்னீங்க. 'தள்ளிப்போட்டா பார்வை போயிடும்னீங்களே, இந்த வாரமே வச்சுக்கலாம்'னீங்க." அத்தை கொஞ்சம் யோசித்தார். "அப்புறம், 'ஆபரேஷன் முடிஞ்சா ஒரு சொட்டுத் தண்ணிகூடக் கண்ணுல படக்கூடாதா'ன்னு ரெண்டு தடவை கேட்டீங்க."

நடந்தது எனக்கு விளங்கிவிட்டது. மணிச்சத்தம் இல்லை, மாடத்தில் பேச்சில்லை. ஆள் இல்லையென்று நினைத்துச் சுவரார் செல்போனை எடுத்திருக்கிறார். யாருக்கும் கேட்கக் கூடாதென்று கிசுகிசுத்திருக்கிறார். அந்த மண்டபத்தில் கிசுகிசுப்பதுதான் ஆபத்து என்பது அவருக்குத் தெரியாததா? பிறர் பேச்சைக் கேட்டே பிழைத்தவருக்குத் தன் பேச்சும் கேட்கும் என்பது உறைக்கவில்லை.

கூட்டம் இப்போதாவது புரிந்துகொண்டதா? குடைக்காரர் குடையை மடக்கி அத்தையை வணங்கினார். "அம்மா, உங்க மேல ராஜா இறங்கிட்டார். என் மருமகளுக்கு எப்ப புத்தி வரும்னு சொல்லுங்க."

அத்தைக்கு முன்னால் மூன்றாவது வரிசை ஆரம்பமாயிற்று.

என் மனைவி பொறுமையிழந்து திரையை விலக்கி உள்ளே போனாள். போகும்போது குடைக்காரரிடம், "நீங்க போய் மாடத்துல காதை வச்சு நில்லுங்க," என்றாள். துணி வெட்டும்போது இருக்கிற குரல், யாரும் மறுக்க முடியாது. அவர் போனார். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் முகம் மாறியது. வெளியே வந்தவர் குடையால் திரையைக் காட்டினார்.

"'குடைக்காரரே, நான் ராஜா இல்ல, தையல்காரி. இங்க ஒரு நாற்காலி, பிளாஸ்க், செல்போன், கறுப்புக் கண்ணாடி போட்ட ஆளு ஒருத்தர், அவ்வளவுதான் இருக்கு'ன்னு காதுக்குள்ளயே சொல்லுது. இவ்வளவு தூரத்துலேர்ந்து."

"வளைஞ்ச சுவர்ங்க," என்று என் மனைவி திரைக்கு வெளியே தலையை நீட்டினாள். "ஒரு கோடியில மெதுவா சொன்னா அந்தக் கோடியில கேக்கும். கட்டினவங்க அப்படிக் கட்டியிருக்காங்க. நம்பிக்கை இல்லாதவங்க வந்து நீங்களே பேசிப் பாருங்க."

வரிசையில் நிற்பதில் தேர்ந்த கூட்டம் இதற்கும் நின்றது. ஒருவர் திரைக்குப் பின்னால் கிசுகிசுக்க, இன்னொருவர் மாடத்தில் கேட்டார். ஒவ்வொருவராக முகம் சிவந்து வந்தார்கள். ஏமாந்ததற்காக அல்ல.

"அப்ப நான் சொன்னதெல்லாம் இந்த ஆளுக்கா கேட்டுச்சு?" என்றார் குடைக்காரர்.

"அப்படி என்ன சொன்னீங்க?" என்றாள் பக்கத்திலிருந்த அவர் மனைவி.

குடை மறுபடி விரிந்தது.

யாரோ திரையைப் பிடித்து இழுத்தார்கள். சுவரார் நாற்காலியில் சின்னதாக உட்கார்ந்திருந்தார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். அத்தையின் கண்ணைப் போலவே பால் படிந்த கண். அத்தை அருகே போய், குனிந்து, வீட்டுக்கு வந்தவரிடம் விசாரிப்பதுபோல் கேட்டார்.

"ஏங்க, உங்க வியர்வையை நீங்க ரெண்டு சொட்டு விட்டுக்கலையா?"

"அது..." அவர் கண்ணாடியை மடக்கினார். "அது மத்தவங்களுக்குங்க."

புட்டிகள் பறந்தன. வரிசைக்காரர் மணியோடு ஓடினார். மண்டபத்துக் காவலாளி வந்து சுவராரை அழைத்துப் போனார். அவ்வளவு கூச்சலிலும் இரண்டொருவர் புட்டியைப் பைக்குள் திணித்துக்கொண்டதை நான் பார்த்தேன். எதற்கும் இருக்கட்டுமாம். அவர்களில் ஒருவன் எனக்கு ரொம்ப நெருங்கிய சொந்தம். அவன் பையைப் பிடுங்கி நானே கவிழ்த்தேன்.

சுவருக்கும் காது உண்டு என்று காலங்காலமாகச் சொல்லி வருகிறோம். அந்தக் காதுக்குப் பின்னால் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று எட்டிப் பார்க்க நமக்கு ஒரு கழுத்து இருக்கிறது. குனிவதற்கு மட்டுமா அதை வைத்திருக்கிறோம்?

வெளியே வந்து படியில் உட்கார்ந்தோம். உட்காருமுன் கீழே ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டேன். மனைவியும் மச்சினனும் தண்ணீர் வாங்கப் போனார்கள். எதிரே அரண்மனை, வெயிலில் மஞ்சளாக. "எத்தனை ஜன்னல் மாப்பிள்ளை?" என்றார் அத்தை. எண்ணத் தொடங்கினேன், பாதியில் விட்டுவிட்டேன். மனசு வேறெங்கோ இருந்தது.

"அத்தை, ஆபரேஷன் பண்ணிக்கிறீங்களா?"

வானத்தைப் பார்த்தார். மழையைத்தான் சொல்லப்போகிறார் என்று எழுந்திருக்கத் தயாரானேன்.

"பயம் மாப்பிள்ளை," என்றார். "இந்த வயசுல போய் வலிக்குமான்னு டாக்டர்கிட்ட கேக்க வெக்கமா இருந்துச்சு. அந்த ஆளு எனக்கும் சேர்த்துக் கேட்டுட்டான். பண்ணிக்கிறேன்."