செபமாலை முடிந்தால் ஸ்டார்ட் ஆகும் கார்

முள்ளிவாய்க்கால்,
செவ்வாய்க்கிழமை.

பெருமதிப்பிற்குரிய அத்தான் செல்வநாயகம் அவர்களுக்கு மைத்துனன் சூசைப்பிள்ளை பணிவுடன் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் இங்கு நானும் றோசம்மாவும் மகள் டிலுசாவும் நல்ல சுகம். வவுனியாவில் நீங்களும் அக்காவும் சுகமாயிருக்க மன்றாடுகிறோம். சுகமில்லாதது நீங்கள் தந்த கார் ஒன்றுதான்.

வருகிற சனிக்கிழமை டிலுசாவுக்குக் கலியாணம். அப்பாவின் காரில்தான் கோயிலுக்குப் போவேன் என்று ஏழு வயதிலேயே சொன்னவள். அப்போது என்னிடம் சைக்கிள்கூட இல்லை, ஆனாலும் ஓம் என்று சொல்லிப்போட்டன். அதற்காகத்தானே உங்கள் பழைய காரை நான் வாய்விட்டுக் கேட்டது. இப்ப பார்த்தால் அது ஒருநாள் நாலு கட்டை தூரம் ஓடி நிற்கும், ஒருநாள் பத்துக் கட்டை ஓடி நிற்கும், மாட்டுப் பட்டிக்கு நடுவில் நின்றது, செத்தவீட்டு ஊர்வலத்துக்கு முன்னால் நின்றது, போன கிழமை மாப்பிள்ளை வீட்டுக்கு நூறு யார் தூரத்தில் நின்று சம்பந்தியும் நானுமாய்த் தள்ளிக்கொண்டு போனோம். நிற்கிற இடத்திலெல்லாம் றோசம்மா செபமாலையை எடுத்துவிடுவா. ஐம்பத்துமூன்று மணியும் முடிய, திறப்பைத் திருப்பினால் ஒன்றும் நடவாத மாதிரி ஸ்டார்ட் ஆகும். காரில் பழுதில்லையாம், முப்பது வருசம் செபத்துக்குக் கள்ளமடித்த என்னில்தான் பழுதாம்.

மெக்கானிக் மெல்ரொன் பிளக் மாற்றினான், பில்டர் மாற்றினான், பம்பையும் மாற்றினான். அவன் கையில் அது நிற்காது. முதல் வேலையாகப் பெற்றோல் இருக்கோ என்று திறந்து பார்ப்பான், மைதானத்தைச் சுற்றி ஓடுவான், காருக்கு ஒண்டுமில்லை, அங்கிளுக்குத்தான் பயம் என்பான். நான் எவ்வளவு பத்திரமாக வைத்திருக்கிறேன் தெரியுமோ? பெற்றோல் மூடியைக் கூரையில் வைத்து மறந்து தொலைத்த அன்றே, பூவரசங்கட்டையில் ஓர் அடைப்பான் சீவி, சைக்கிள் ரியூப் சுற்றி, உப்புக்காற்றுக்கூடப் புகாமல் இறுக்கிவிட்டேன். நாற்பது வருசம் கடலுக்குப் போனவன் செய்த வேலை. ஆகவே குற்றம் முழுக்க உங்கள் எஞ்சினில். வெள்ளிக்கு முன் வந்து இந்தச் சனியனைக் கொண்டுபோங்கோ. பிள்ளை சம்பந்தியின் வான் வண்டியில் போகட்டும். எனக்கு நெஞ்சு வெடிக்கும், அது வேற கதை.

மாதா உங்கள் இருவரையும் தன் முந்தானைக்குள் வைத்திருக்கட்டும்.

கோபத்திலும் மரியாதை மறவாத,
சூசைப்பிள்ளை

பி.கு.: கடிதத்தை ஒட்டமுதல் மகளோடு பெற்றோல் அடிக்கப் போனேன். அடைப்பானை இழுக்க, புஸ் என்று காற்றை உறிஞ்சியது. டிலுசா என்னை ஒரு பார்வை பார்த்தாள். "அப்பா, வள்ளத்தில எண்ணெய் ராங்கி மூடியில இருக்கிற காத்து ஆணியைத் திறக்காமல் ஓடுவியளோ?"

அத்தான், அந்த ஆணியைத் திறக்கச் சொல்லி நாற்பது வருசம் வள்ளத்துப் பெடியளை ஏசினவன் நான். காற்றுப் போகாத ராங்கியில் பெற்றோல் இறங்காது. செபமாலை முடியிற நேரத்துக்குள் ரியூப் இடுக்கால் கொஞ்சம் காற்றுப் புகுந்திருக்கிறது. மெல்ரொன் திறந்து பார்த்தபோதெல்லாம் அவனை அறியாமலே திருத்தியிருக்கிறான். அடைப்பானில் ஒரு துளை போட்டேன். முல்லைத்தீவுக்குப் போய் வந்தோம், ஓரிடத்திலும் நிற்கவில்லை. காரைக் கொண்டுபோக வரவேண்டாம், கலியாணத்துக்கு வாங்கோ. துளையைப் பற்றி றோசம்மாவிடம் மூச்சுவிடாதேங்கோ.

இன்னுமொன்று. மகள் இப்ப வந்து பக்கத்தில் இருந்து சொன்னாள்: "சனிக்கிழமை மட்டும் அந்த ஓட்டையை அடைச்சுவிடுங்கோ அப்பா. வழியில நிண்டால் ஒரு செபமாலை நேரமாவது உங்களோட இருக்கலாம்."

கண் மறைக்கிறது, எழுத்துக் கோணினால் மன்னிக்கவும். எங்களைக் காணவில்லை என்று கோயில் வாசலில் பதறாதேங்கோ. பாதரை மட்டும் கதை குடுத்துப் பிடித்து வைத்திருங்கோ.