டாலர் ஏறட்டும் என்று காத்திருந்த முறுக்கு

எனக்கு மனிதர்களிடம் பேச வராது. போனில் பேசுவது அதைவிடக் கஷ்டம். மணி அடித்தால், அது ஓயும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு நிம்மதியாக மூச்சு விடுகிற ஆள் நான். அப்படிப்பட்டவன் கொஞ்ச காலம் அந்நியச் செலாவணி நிபுணனாக இருந்தான் என்று சொன்னால், எங்கள் ஊரான அசாம் ஜாவாவுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் நம்பமாட்டார்கள். பழைய ஆட்கள் நம்புவார்கள். அந்த முறுக்கைத் தின்றவர்கள் அவர்கள்தான்.

என் மனைவி பார்வதி முறுக்கு சுட்டு விற்பவள். வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை. அதன் தகரக் கூரை வெயிலுக்கு மட்டும் உதவும். மழை வந்தால் எண்ணெய்ச் சட்டிக்குக் குடை பிடிப்பது என் வேலை. (ஆறாம் வகுப்போடு நின்றவனுக்கு அதுவே நல்ல உத்தியோகம்.)

சில வருஷங்களுக்கு முன்பு, சிங்கப்பூர் மளிகைக்கடை முதலாளி ஒருவர் பக்கத்து டவுனான கோலசிலாங்கூருக்கு மின்மினிப்பூச்சி பார்க்க வந்தார். வந்த இடத்தில் பார்வதியின் முறுக்கைத் தின்றார். தீபாவளிக்கு நாற்பது தகர டின் முறுக்கு வேண்டும் என்றார்.

"சரக்கு ரெடியானதும் ஒரு போன் போடுங்கண்ணே. கிள்ளான்ல என் ஆளு லோரியோட இருப்பான். வந்து ஏத்திக்கிட்டு, சிங்கப்பூர் டாலரைக் கையிலயே குடுத்துடுவான்."

பார்வதி அப்போதே மனதுக்குள் புதுக் கூரையைப் போட்டுவிட்டாள். கடன் சொல்லி உளுந்து வாங்கினாள். தங்கையைக் கூட்டிவந்து ராப்பகலாகச் சுட்டாள். தகரங்கள் வரவேற்பறையில் உத்தரம்வரை ஏறின. பாக்கி இருந்தது ஒரே ஒரு போன். அது என் பொறுப்பு.

தைரியம் தேடிச் சாலையோர ஒட்டுக்கடைக்குப் போனேன். அங்கே லோரி ஓட்டும் என் சிநேகிதன் முனியாண்டி கோப்பி குடித்துக்கொண்டிருந்தான்.

"போன் போடப் போறியா? பைத்தியமா மச்சான் நீ? நம்ம நாட்டுக் காசு இருக்கே, இந்த வெள்ளி, மதிப்பு விழுந்துகிட்டே இருக்கு. அதே சிங்கப்பூர் டாலரை அடுத்த வாரம் மாத்துனா இன்னும் கூட வெள்ளி கெடைக்கும் லா."

"அப்ப உளுந்து ஏன் வெலை ஏறிப்போச்சி?"

"அது இந்தியாவுல இருந்து வருது. நம்ம வெள்ளி எளச்சா, வெளிநாட்டுல வாங்குறவனுக்கு வலிக்கும், விக்கிறவனுக்கு இனிக்கும். நீ இப்ப விக்கிறவன். ஏறட்டும், இரு."

அவன் சொன்னதில் பாதிதான் புரிந்தது. ஆனால் போன் செய்யாமல் இருப்பதற்கு உலகப் பொருளாதாரமே ஒரு காரணம் தருகிறது என்பது முழுதாகப் புரிந்தது. அவ்வளவு மரியாதையான காரணம் என் வாழ்க்கையில் அதற்கு முன் கிடைத்ததில்லை.

மறுநாள் முதல் தினமும் கோலசிலாங்கூர் டவுனுக்குப் போய், பணம் மாற்றும் காதர் பாய் கடைக்கு எதிரே நின்று விலைப் பலகையைப் பார்ப்பேன். உள்ளே போகமாட்டேன். (போனால் பேச வேண்டி வரும்.) பார்த்ததை ஒட்டுக்கடையில் வந்து சொல்வேன். டாலர் ஏறியது. எனக்கென்று நாற்காலி ஒதுக்கினார்கள். வாயே திறக்காதவன் வாய் திறந்தேன். "அமெரிக்காவுல வட்டி அசைஞ்சா இங்க வெள்ளி ஆடும்" என்றேன். ஏன் ஆடும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மாட்டியிருப்பேன். புக்கிட் பெலிம்பிங்கில் செம்பனைத் தோட்டம் வைத்திருக்கும் ஒருவர் என் பேச்சை நம்பி மோட்டார் சைக்கிள் வாங்குவதைத் தள்ளிப்போட்டார்.

வீட்டில்தான் கேள்வி வந்தது.

"போன் போட்டீங்களா?"

"இன்னும் ஏறும்."

"எது?"

"டாலர்."

"எது வரைக்கும்?"

ஒட்டுக்கடையில் ஒருவருக்கும் தோன்றாத கேள்வி அது. "அதெல்லாம் பெரிய விஷயம்" என்றேன். கல்யாணமான நாளிலிருந்து நான் இவ்வளவு உறுதியாகப் பேசி அவள் பார்த்ததில்லை. அதனாலேயே நம்பிவிட்டாள், பாவம்.

பிறகு டாலர் கொஞ்சம் இறங்கியது. இறங்கினால் என்ன, திரும்ப ஏறுமே என்று காத்திருந்தேன். மழையும் பிடித்துக்கொண்டது. சரக்கின் மேல் எனக்கு அக்கறை அதிகம். அதனால் தினமும் ஒவ்வொரு தகரமாக மூடியைத் திறந்து, மொறுமொறுப்பு இருக்கிறதா என்று ஒன்றை ஒடித்துப் பார்த்து மூடுவேன். முதலில் 'கடக்' என்று ஒடிந்தது. அப்புறம் சத்தமில்லாமல் ஒடிந்தது. ஒருநாள் ஒடிக்கப் பார்த்தேன், வளைந்தது.

அன்றைக்கு டவுனில் நின்றபோது காதர் பாய் எழுந்து வெளியே வந்தார்.

"தெனமும் வந்து போர்டைப் பாக்குறீங்க தம்பி. மொதல்ல கடைக்கு நோட்டம் பாக்குறீங்களோன்னு பயந்தேன். என்னதான் வேணும் உங்களுக்கு?"

வேறு வழியில்லாமல் சொன்னேன்.

"டாலரைக் கையிலதானே தரேன்னாங்க?"

"ஆமா பாய்."

"அப்ப முறுக்கை அனுப்பிட்டு, டாலரை வாங்கி பீரோவுல வச்சிருக்கலாமே. ஏறுறப்ப கொண்டாந்து எங்கிட்ட மாத்தியிருக்கலாம். டாலர் நமுத்துப்போகாது தம்பி."

வட்டி, அமெரிக்கா, எண்ணெய் விலை என்று நாங்கள் அலசாத விஷயமில்லை. இது மட்டும் எங்கள் ஒட்டுக்கடையில் எவருக்கும் தோன்றவில்லை. நான் டாலரைச் சேமிப்பதற்குப் பதிலாக முறுக்கைச் சேமித்திருக்கிறேன்.

வீட்டுக்கு ஓடினேன். வாழ்க்கையில் முதல்முறையாக நானாக ஒருவருக்குப் போன் செய்தேன்.

"என்னண்ணே, கூப்பிடவே இல்ல நீங்க" என்றார் முதலாளி. "பண்டிகை வந்துருச்சி. நான் மலாக்காவுல வாங்கிட்டேன். பாதி வித்தும் போச்சி."

பக்கத்தில் நின்ற பார்வதி திட்டவில்லை. ஒரு தகரத்தைத் திறந்து ஒரு முறுக்கை எடுத்து, வளைத்துப் பார்த்து, என் கையில் வைத்துவிட்டுக் கொட்டகைக்குப் போனாள். அங்கே ஒழுகிக்கொண்டிருந்தது. நான் குடையை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். சட்டி காலியாகத்தான் இருந்தது, இருந்தாலும் பிடித்தேன்.

அந்தத் தீபாவளிக்கு அசாம் ஜாவா முழுக்க எங்கள் முறுக்கு இலவசம். "தேத்தண்ணியில முக்குனா நல்லாத்தான் இருக்கு" என்றார்கள், நல்ல மனிதர்கள். மோட்டார் சைக்கிள்காரருக்கு ஒரு முழுத் தகரம் கொடுத்தேன். அவர் ஆசைப்பட்ட வண்டி அதற்குள் விலை ஏறியிருந்தது.

மறுவருஷம் பார்வதியே முதலாளிக்குப் போன் போட்டாள். விலையை வெள்ளியில் சொன்னாள். "ஏறுனாலும் எறங்குனாலும் அது உங்க தலைவலிண்ணே, எனக்கு எண்ணெய்ச் சட்டி இருக்கு" என்றாள். தகரங்கள் சூடு ஆறியதும் லோரி ஏறின. அந்த முறை வெள்ளி நிமிர்ந்தது. அவள் கணக்கு அசையவில்லை. இப்போது கூரை ஒழுகுவதில்லை. நான் மூடி போடுகிறேன். திறக்க அனுமதி இல்லை.

போன வருஷம் எங்கள் மகள் கவிதாவுக்குக் கல்யாணம். அவள் கையை மாப்பிள்ளை கையில் பிடித்துக் கொடுக்கச் சொன்னார் குருக்கள். நான் பிடித்தேன். கொடுக்கத்தான் முடியவில்லை. குருக்கள் இன்னொரு தடவை சொன்னார். அப்படியே நின்றேன்.

பார்வதி என் காதோரம் குனிந்தாள். "என்ன, இன்னும் ஏறட்டும்னு இருக்கீங்களா? குடுங்க."

குருக்களின் மைக் பக்கத்திலேயே இருந்தது. மண்டபமே சிரித்தது, கண்ணைத் துடைத்துக்கொண்டே கவிதாவும் சிரித்தாள். நான் கொடுத்துவிட்டேன். மாப்பிள்ளை வீட்டாருக்கு மட்டும் ஒன்றும் புரியவில்லை. பந்தியில் ஒவ்வொரு இலையாகப் போய் அவர்களுக்கு விளக்கும் பொறுப்பை முனியாண்டி ஏற்றுக்கொண்டான். (ஏறட்டும் என்று சொன்ன ஆள் யார் என்பதை மட்டும் விட்டுவிட்டான்.)

புறப்படும்போது எல்லோருக்கும் பார்வதி ஆளுக்கொரு பொட்டலம் முறுக்குக் கொடுத்தாள். சம்பந்தி அதை என் கண்ணெதிரிலேயே பிரித்து, ஒன்றை எடுத்து ஒடித்துப் பார்த்தார்.

'கடக்' என்றது.