முதல் ஏன்

தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தால் யார் கண்ணிலும் பட மாட்டோம் என்றுதான் மூன்றாம் வகுப்பு டீச்சர் அந்த நாற்காலியைப் பிடித்தாள். பயிற்சி அறைக்கு எல்லோருக்கும் முன்பே வந்து, முன்வரிசையை ஒதுக்கி, ஜன்னலோரத்தை ஒதுக்கித் தேர்ந்தெடுத்த இடம் அது. தூண் அகலம். டீச்சர் ஒல்லி. கணக்கு சரியாகத்தான் இருந்தது.

பயிற்சியாளர் அம்மா உள்ளே வந்தார். எல்லோரையும் பார்த்துச் சிரித்தார். "எப்பவும் முன்வரிசையில இருந்தே ஆரம்பிக்கிறோம், இல்ல? இன்னைக்கு அந்தத் தூண்கிட்ட இருந்து ஆரம்பிப்போம்" என்றார்.

டீச்சர் நாற்காலியைத் தூணோடு இன்னும் ஒட்டி நகர்த்திக்கொண்டாள்.

வகுப்பில் அவள் வேறு ஆள். அவள் ஒரு அதட்டல் போட்டால் பக்கத்து வகுப்பும் சேர்ந்து அடங்கும். ஆனால் தன்னைவிட உயரமான ஒருவர் எதிரே வந்து நின்றுவிட்டால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பேங்கில் பேசுவது கணவன். குழாய் ஒழுகுகிறது என்று வீட்டு ஓனரிடம் சொல்வதும் கணவன். எந்தப் பல் வலிக்கிறது என்று பல் டாக்டரிடம் சொன்னதுகூட அவன்தான். அவன் பக்கத்துப் பல்லைக் காட்டிவிட்டான். அது இல்லை என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். திறந்த வாயை டாக்டர் சும்மா விடவில்லை.

அப்படிப்பட்டவளைத்தான் இந்தப் பயிற்சிக்கு அனுப்பியிருந்தார்கள். தொடக்கப் பள்ளியில் சமூக அறிவியலை இனிமேல் புத்தகத்தைப் பார்த்து வாசித்துக் காட்டக் கூடாதாம். பிள்ளைகளைப் பாடத்துக்குள்ளேயே இறக்கிவிட வேண்டுமாம். அவர்கள் நடிக்கணும், விவாதிக்கணும், ஓட்டுப் போடணும். அதற்கு முதலில் டீச்சர்கள் நடித்துப் பழகணும். வாயைத் திறக்காதவர்கள் அடுத்த மாதம் மறுபடி வர வேண்டும். தலைமையாசிரியைக்கும் தகவல் போகும். தலைமையாசிரியை திட்ட மாட்டார். கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்ப்பார். அதற்குத் திட்டே தேவலை.

பயிற்சியாளர் அம்மா விளையாட்டை விளக்கினார். இந்த அறைதான் ஒரு ஊர். இங்கே இருக்கிறவர்கள் எல்லோரும் ஊர் ஜனங்கள். இன்னும் கொஞ்ச நேரத்தில் ஒரு சர்வாதிகாரி வந்து அநியாயமாக ஒரு உத்தரவு போடுவார். ஜனங்கள் அவரை எதிர்த்துக் கேள்வி கேட்க வேண்டும். இதற்கென்றே வெளியிலிருந்து ஒரு ஆளை வரச் சொல்லியிருக்கிறார்கள். அவர் வரும்போது தான் பக்கத்து அறையில் இருக்கப் போவதாகவும், இங்கேயே நின்றால் எல்லோரும் தன் முகத்தையே பார்ப்பார்கள் என்றும் அந்த அம்மா சொன்னார்.

"நல்லா மிரட்டுவார். எந்த ஸ்கூல்னு கேப்பார். உட்காருன்னு கத்துவார். உட்கார்ந்துடாதீங்க. பசங்களுக்கு நாம பழக்க வேண்டியதே அதைத்தான்."

பிறகு நேராகத் தூண் பக்கம் திரும்பி, டீச்சரின் பங்கு என்ன என்று சொல்ல ஆரம்பித்தார். டீச்சர் அவசரமாகத் தொண்டையைப் பிடித்துக்கொண்டு, குரல் கட்டிவிட்டது என்று சைகையும் காற்றுமாகச் சொன்னாள்.

"அச்சச்சோ. அப்ப நீங்க ஜாஸ்தி பேச வேண்டாம்" என்றார் பயிற்சியாளர் அம்மா கனிவோடு. "ஒரே ஒரு வார்த்தை. அவர் உத்தரவைப் படிச்சு முடிச்சதும், எல்லாருக்கும் முன்னாடி நீங்க எழுந்து நின்னு 'ஏன்?'னு கேளுங்க. மீதியை மத்தவங்க பாத்துப்பாங்க."

எல்லோருக்கும் முன்னால். எழுந்து நின்று. இதற்குப் பேசாமல் ஒரு பக்க வசனத்தையே வாங்கிக் கூட்டத்தோடு கூட்டமாக முணுமுணுத்திருக்கலாம்.

பக்கத்தில் இருந்தவள் ஒரு நான்காம் வகுப்பு டீச்சர். வந்து உட்கார்ந்ததிலிருந்து ஓயாமல் பேசிக்கொண்டிருந்ததால் காலையிலேயே அவளுக்கு ரேடியோ என்று பெயர் விழுந்திருந்தது. அவளிடம் குனிந்து, தன் பங்கை அவள் எடுத்துக்கொள்ள முடியுமா என்று டீச்சர் கெஞ்சினாள்.

ரேடியோ உடனே எழுந்துவிட்டாள். "மேடம், இவங்களுக்கு இந்த வேஷம் பிடிக்கலையாம்."

பயிற்சியாளர் அம்மாவின் முகம் மலர்ந்தது. ஒற்றை வார்த்தையைக் கொடுத்து ஒரு நல்ல ஆசிரியையின் மனதை நோகடித்துவிட்டோமே என்று தனக்கும் தோன்றிக்கொண்டுதான் இருந்தது என்றார். அதனால் ஊர் ஜனங்களின் பிரதிநிதியே இனி இவர்தான், முதல் 'ஏன்?' தொடங்கிக் கடைசிப் பேச்சு வரை இவர்தான் நடத்த வேண்டும் என்று அறிவித்துவிட்டு, பக்கத்து அறைக்குப் போய்விட்டார். எல்லோரும் கை தட்டினார்கள்.

டீச்சர் யோசித்தாள். கழிப்பறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டால், சர்வாதிகாரி வந்து, கத்தி, கவிழ்ந்து போகும்வரை அங்கேயே இருந்துவிடலாம். கைப்பையை எடுத்துக்கொண்டு பூனை மாதிரி நடந்து போய்க் கதவைத் திறந்தாள்.

வாசலில் ஒரு ஆள் நின்றிருந்தார். நல்ல உயரம். கக்கத்தில் ஒரு ஃபைல். மீசைக்கு அடியில் வாய் இருப்பதே தெரியவில்லை.

"எங்க கிளம்பிட்டீங்க? போய் உட்காருங்க."

போனாள். தூணுக்குப் பின்னால் அதற்குள் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள். காலியாக இருந்தது முன்வரிசையில் ஒரே நாற்காலி, அதுவும் மேசைக்கு நேர் எதிரே. ரேடியோவும் நல்ல காட்சி கிடைக்கும் என்று அதற்குப் பக்கத்தில் வந்து இடம்பிடித்திருந்தாள்.

வந்தவர் வணக்கம்கூடச் சொல்லவில்லை. இந்த வாரம்தான் பொறுப்பேற்றிருப்பதாகவும், வளவளவென்று பேசுவது தனக்குப் பிடிக்காது என்றும் சொல்லிவிட்டு ஃபைலைப் பிரித்தார். அடுத்த மாதத்திலிருந்து தொடக்க வகுப்புகளுக்குச் சமூக அறிவியல் வாரத்துக்கு ஒரே ஒரு பீரியட். மிச்சமாகும் நேரத்தில் ஆசிரியர்கள் அலுவலகத்தில் உட்கார்ந்து பிள்ளைகளின் விவரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும்.

"பரவாயில்லையே, நம்ம பொழப்பைத் தெரிஞ்சுதான் எழுதிக் குடுத்திருக்காங்க" என்று ரேடியோ காதைக் கடித்தாள்.

"இவர் நிஜமாவே நடிக்கிறவர்தானா?" டீச்சர் கிசுகிசுத்தாள்.

"என்ன இப்படிக் கேக்குற? எங்க ஸ்கூல் ஆண்டு விழாவுல இவர்தானே மந்திரி வேஷத்துல வந்தாரு. அதே தொப்பை. நீ எழுந்திரு."

டீச்சர் எழுந்தாள். அதாவது எழுந்தது முழங்கால்கள்தான். மற்றதெல்லாம் வேறு வழியில்லாமல் கூடப் போயின. வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. மறுபடி திறந்தாள்.

"ஏன்?"

அந்த ஆள் நிமிர்ந்து பார்த்தார்.

"என்னது?"

"ஏன் சார்?"

"எந்த ஸ்கூல் நீங்க?"

பயிற்சியாளர் அம்மா சொன்னது அப்படியே நடந்தது. அது ஒரு தெம்பு. ஆனால் உடம்புக்கு அது நடிப்பு என்று தெரியவில்லை. முதுகில் வியர்வை ஓடியது. பள்ளியின் பெயரைச் சொன்னாள். அவர் குறித்துக்கொண்டார். உட்காரு என்று கத்தினார். டீச்சர் பழக்கதோஷத்தில் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்ததும் அடுத்த மாதப் பயிற்சி ஞாபகம் வந்தது, கண்ணாடிக்கு மேலான பார்வை ஞாபகம் வந்தது. இந்த மீசையைவிட அந்தக் கண்ணாடிதான் பயங்கரம். திரும்ப எழுந்தாள்.

"நான் யார்னு தெரியுமா உங்களுக்கு?" என்றார் அவர்.

"தெரியும் சார்" என்றாள் டீச்சர். பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். அவர் முகம் சிவந்துபோனது. எவ்வளவு தத்ரூபமாக நடிக்கிறார் என்று அவள் பயத்துக்கு நடுவிலும் வியந்தாள்.

ஒரு தடவை பேச ஆரம்பித்த பிறகு நிறுத்துவது எப்படி என்று தெரியவில்லை. நிறுத்தினால் அவர் பேசுவார் என்ற பயத்திலேயே பேசிக்கொண்டு போனாள். தன் வகுப்புப் பிள்ளைகள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் மலைகளின் பெயரை ஒப்பிப்பார்கள் என்றாள். ஆனால் தெருமுனைக் குழாய் உடைந்தால் யாரிடம் போய்ச் சொல்வது என்று ஒரு பிள்ளைக்கும் தெரியாது. தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும், அவர்கள் தாண்டிக் குதித்துப் பள்ளிக்கு வருவார்கள்.

"அவங்களுக்கு அதைச் சொல்லிக் குடுக்க இருக்கிறதே இந்த ஒரு பாடம்தான் சார். அதையும் எடுத்துட்டீங்கன்னா, அவங்களும் என்னை மாதிரியே ஆயிடுவாங்க."

இதை யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது.

அதற்குள் அறையே எழுந்து நின்றுவிட்டது. ஒரு வழுக்கைத் தலை ஆசிரியர் போய்க் கதவைச் சாத்தி, அதில் முதுகைக் கொடுத்து நின்றுகொண்டார். இரண்டு பேர் மூலையிலிருந்து பிள்ளைகள் உட்காரும் குட்டி நாற்காலி ஒன்றைத் தூக்கி வந்து போட்டு, ஃபைலோடு வந்தவரை அதில் உட்காரவைத்தார்கள். இனிமேல் பேச வேண்டுமானால் கையைத் தூக்கி அனுமதி வாங்கிக்கொண்டுதான் பேச வேண்டும் என்று ரேடியோ சட்டம் போட்டாள். இதெல்லாம் எங்கே போய் முடியும் என்று டீச்சருக்கு மறுபடி உதறல் எடுத்தது. நடிக்க வந்தவர் என்றாலும் மனுஷன்தானே. முட்டி தாடையில் இடிக்க உட்கார்ந்திருந்தார், நெற்றியெல்லாம் வியர்வை.

கொஞ்ச நேரம் கழித்து அவர் கையைத் தூக்கினார்.

"சொல்லுங்க சார்" என்றாள் டீச்சர்.

"இந்த உத்தரவை நான் எழுதலைங்க. மேல இருந்து வந்தது. ஏன்னு எனக்கும் தெரியாது." குரல் இறங்கியிருந்தது. "நான் கேக்கலை. கேக்கப் பயமா இருந்துச்சு."

வசனம் என்று தெரிந்தும் டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் அருகில் போனாள். அவரைவிடக் கொஞ்சம் உயரமாக நிற்கிறோம் என்பதை அப்போதுதான் கவனித்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பெரிய மனிதரின் உச்சந்தலை அவளுக்குத் தெரிந்தது.

"ஒண்ணும் ஆகாது சார். மொதல்ல முட்டி நடுங்கும். அப்புறம் பழகிடும்" என்றாள். "தனியாப் போகப் பயமா இருந்தா எங்களையும் கூட்டிட்டுப் போங்க."

அவர் மடியில் இருந்த ஃபைலைப் பிரித்தார். பிறகு பேனாவை எடுத்து, உத்தரவின் குறுக்கே ஒரு கோடு போட்டு, ஆசிரியர்களைக் கலந்து பேசும்வரை நிறுத்திவைக்கப்படுகிறது என்று எழுதிக் கையெழுத்தும் போட்டு டீச்சரிடம் நீட்டினார். கைதட்டலில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. வழுக்கைத் தலை ஆசிரியர் கதவைத் திறந்து ஓரமாக நின்று வழிவிட்டார்.

டீச்சர் வாசல்வரை கூடவே போனாள். இத்தனை பேர் சேர்ந்து ஒரு மனிதரை இந்தப் பாடு படுத்திவிட்டோமே என்று மனசு கேட்கவில்லை. "ரொம்ப நல்லாப் பண்ணீங்க சார். எனக்கு அழுகையே வந்துடுச்சு" என்றாள்.

அவர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். "ரொம்ப வருஷம் கழிச்சு இன்னைக்குத்தாம்மா நல்லதா ஒண்ணு பண்ணியிருக்கேன்" என்று சொல்லிவிட்டு, தலையைக் குனிந்தபடி படியிறங்கிப் போனார்.

டீச்சர் திரும்பி வந்து முன்வரிசையிலேயே உட்கார்ந்தாள். கால் நடுக்கம் நின்றிருந்தது. ரேடியோ தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவளிடம் கொடுத்தாள். இனி பேங்குக்குத் தானே போகலாம் போலிருந்தது. பல் டாக்டரிடம்கூடப் போகலாம். கையெழுத்துப் போட்ட அந்தக் காகிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள், வகுப்பில் பிள்ளைகளுக்குக் காட்டலாம் என்று.

அப்போது கதவு மெல்லத் திறந்தது. சட்டை நிறைய அட்டைப் பதக்கங்கள் குத்தியிருந்த ஒரு ஒல்லியான ஆள் மூச்சு வாங்கியபடி தலையை நீட்டினார்.

"மன்னிச்சுக்குங்க, பஸ் லேட்டாயிடுச்சு. சர்வாதிகாரி வேஷத்துக்கு வரச் சொல்லியிருந்தாங்க, இந்த ரூம்தானே?"