என் வீட்டுக்காரரின் கோபத்தைத் திருப்பித் தரவும்

அன்புள்ள ஜீவானந்தம் அண்ணாவுக்கு, சேலையூரிலிருந்து தங்கை சந்திரிகா பணிவுடன் எழுதுவது. அண்ணிக்கு முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் நலம். அளவுக்கு மீறிய நலம், அதுதான் பிரச்சினை. போனில் சொல்லலாமென்றால் என் வீட்டுக்காரர் பக்கத்திலேயே உட்கார்ந்து புன்னகைக்கிறார். அதனால் கடிதம்.

ரத்தக் கொதிப்பு குறையட்டும் என்று நீங்கள்தானே அவரைப் படப்பைப் பக்கம் புத்தர் வழித் தியான முகாமில் கொண்டுபோய் விட்டீர்கள்? பத்து நாள் வாய் திறக்காமல் மூச்சைக் கவனித்துவிட்டு வந்தவர், இன்றுவரை எதையாவது கவனித்துக்கொண்டே இருக்கிறார். முன்பெல்லாம் தண்ணீர் லாரிக்காரருக்கு அவர் போன் செய்தால் தெருவே அதிரும், அரை மணியில் லாரி வாசலில் நிற்கும். இப்போது, "உங்களுக்கு எப்ப சௌகரியமோ அப்ப வாங்க தம்பி" என்கிறார். லாரிக்காரருக்கு மூன்றாம் நாள்தான் சௌகரியப்பட்டது. வந்த தண்ணீரையாவது மேல்தொட்டிக்கு ஏற்றலாம் என்று மோட்டாரைப் போட்டு, நிறைந்ததும் குரல் கொடுக்கச் சொல்லி இவரை மொட்டைமாடிக்கு அனுப்பினேன். குரலே வரவில்லை. தொட்டி வழிந்து, பக்கத்து வீட்டுக் கீதா காயவைத்திருந்த வடகமெல்லாம் கூழாகிவிட்டது. "இன்னா சார், தண்ணி இப்டி ஊத்தினு கீது, நீங்க பாத்துகினு நிக்கிறீங்க?" என்று அவள் கத்த, இவர் சாந்தமாக, "ஆமாம்மா, வழியறதைத்தான் கவனிச்சிட்டிருக்கேன்" என்றாராம்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை மகள் ஜீவிதாவைப் பெண் பார்க்கக் கேளம்பாக்கத்திலிருந்து வந்தார்கள். "எங்க பையனைப் பத்தி என்ன நினைக்கிறீங்க சார்?" என்று பையனின் அப்பா கேட்டதும் இவர் கண்ணை மூடிக்கொண்டார். முழுசாக நான்கு நிமிடம். பையனின் அம்மா திரிபுரசுந்தரி என் காதருகே வந்து, "டாக்டரைக் கூப்பிடட்டுமா?" என்றார். ஒருவழியாகக் கண்ணைத் திறந்தவர், "நினைப்பு வருது, போகுது" என்றார். அவர்களும் போய்விட்டார்கள்.

அன்று மாலை நான் அழுதேவிட்டேன். "நீங்க சாமியாரா போறதா இருந்தா இப்பவே சொல்லிடுங்க" என்றேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "முப்பது வருஷமா உன்மேல கத்தியிருக்கேன் சந்திரிகா. அந்தப் பத்து நாளும் கண்ணை மூடினா அதுதான் கேட்டுது. எனக்கே தாங்கல" என்றார். அடுப்பில் பால் இருப்பதாகச் சொல்லி எழுந்து போனேன். அடுப்பில் ஒன்றுமே இல்லை.

நேற்று திரிபுரசுந்தரி அம்மாவே போன் செய்தார். சம்மதமாம். "சட்டுனு வாயை விடாம இவ்ளோ யோசிச்சுப் பேசற சம்பந்தி எங்க கிடைப்பாங்க?" என்கிறார். ஆகவே கல்யாணம் முடியும்வரை அவர் இப்படியே இருக்கட்டும். அதன்பிறகு, வெளியாட்களிடம் மட்டும் காட்டுவதற்குப் பாதிக் கோபத்தையாவது திருப்பித் தர முடியுமா என்று அந்த முகாமில் விசாரித்து எழுதவும்.

அண்ணிக்கும் உங்களுக்கும் என் வணக்கங்கள். கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பே வந்து நின்று நடத்திக்கொடுக்க வேண்டும்.

உங்கள் அன்புத் தங்கை
சந்திரிகா

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் யாரோ நம் கேட்டை மறித்துக் காரை நிறுத்திவிட்டார்கள். "எவன்டா அது?" என்று இவர் போட்ட சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. சத்தியமாக எனக்கு வயிற்றில் பால் வார்த்தாற்போல் இருந்தது. கார் நகர்ந்ததும் அதே குரலில் உள்ளே திரும்பி, "சந்திரிகா, காபி எங்கடி?" என்றார். மேலே எழுதியதை மறந்துவிடுங்கள். அடுத்த முகாம் எப்போது என்று கேளுங்கள். அவருக்கு இல்லை, எனக்கு.